நேற்று பதினொன்று, இன்று எட்டு

"இந்தக் கட்டடத்தில் ஒரு செடித் திருடர் இருக்கிறார். யாரென்று எனக்குத் தெரியும். மரியாதையாக வந்து ஒப்புக்கொள்ளவும்."

மாடிப்படிக் கதவில் ஓனர் ஒட்டிய நோட்டீஸ். பேர் போடவில்லை. ஆனால் கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாவின் மூக்குக்கு நேராகத்தான் ஒட்டியிருந்தார்.

"யாரைச் சொல்றீங்க சார்?"

"படிச்சுட்டு யாரு முதல்ல ஓடி வர்றாங்களோ, அவங்களைத்தான்!"

மாடியின் கைப்பிடிச்சுவரில், ஒரு தொட்டியில், ஓனர் வளர்க்கும் பேர் தெரியாத செடி. தடித்த இலை. ஓரம் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி குட்டிக் குட்டிச் செடிகள். தினமும் பல் தேய்த்துக்கொண்டே எண்ணுவார். ஒரு இலையில் நேற்று பதினொன்று. இன்று எட்டு. எட்டிப் பார்த்தால், தையல் கடை வாசலில், பழைய பிஸ்கட் டப்பாவில் அதே செடி. ஒன்றல்ல, ஆறு!

"தானா முளைச்சது சார். சுவரோரம் கிடந்துச்சு, எடுத்து வெச்சேன்."

"தானா முளைக்க இது என்ன தாடியா? மாசக் கடைசிக்குள்ள கடையைக் காலி பண்ணும்மா."

பன்னிரண்டு வருஷக் கடை. அன்று முழுக்க அந்த அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

மறுநாள் அந்த அம்மா ஒரு செடி நர்சரிக்காரரைக் கையோடு கூட்டி வந்தார். அவருடைய பச்சை நிழல்வலைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுப்பது இந்த அம்மாதான்.

"ஓ, உன் ஆளையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்றார் ஓனர்.

நர்சரிக்காரர் மாடியேறிப் போய் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரணகள்ளி தெரியுமா சார்? அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி இது. விதை வேண்டாம், பதியன் வேண்டாம். இலை ஓரத்துலயே குட்டி போடும், அங்கேயே வேரும் விடும். லேசாக் காத்தடிச்சாப் போதும், உதிர்ந்து விழுந்த இடத்துல ஒட்டிக்கும்."

தொட்டிக்கு நேர் கீழே கை காட்டினார். சன்ஷேடு, மழைத்தண்ணிக் குழாயின் மூட்டு, சுவர் வெடிப்பு, எல்லாவற்றிலும் அதே குட்டிகள்.

"இங்கெல்லாம் இந்தம்மா ஏணி போட்டு ஏறியா நட்டாங்க?"

ஓனர் தொண்டையைக் கனைத்தார். "சரி, சரி, விடுங்க. கடையை யாரும் காலி பண்ண வேண்டாம்."

நர்சரிக்காரர் விடவில்லை. "உங்களுக்கு இது எப்படி வந்தது சார்? இந்தப் பக்கத்துல என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. உதிரக் கூடாதுன்னு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தேன்."

"ஃப்ரெண்டு ஒருத்தர் கொடுத்தார்."

"போன வருஷம், நான் இல்லாத நேரத்துல ஒரு இலை காணாமப் போச்சு. தண்ணி ஊத்துற பொண்ணு, 'யாரோ பேரம் பேசிட்டு வாங்காமப் போனாங்க, அவங்கதான்'னு அழுதா. நான் நம்பல. அவதான் எடுத்து வித்துட்டான்னு வேலையை விட்டு அனுப்பிட்டேன். ரெண்டு பிள்ளைங்க அவளுக்கு. இன்னும் வேலை கிடைக்கலைன்னு கேள்வி."

ஓனர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்து கணவர் கையில் திணித்தாள்.

"கர்ச்சீப்புல என்னத்தைச் சுத்தி எடுத்துட்டு வர்றீங்கன்னு நர்சரி வாசல்ல கேட்டேன். 'வாயை மூடிட்டு நட'ன்னீங்க. ஒரு வருஷம் மூடியாச்சு. மரியாதையா வந்து ஒப்புக்கொள்ளவும்னு நல்லாத்தானே எழுதியிருக்கீங்க? கிளம்புங்க, இவர் வண்டியிலேயே! அந்தப் பொண்ணுகிட்ட ஒப்புக்கிட்டு, அவளைப் பழைய வேலையில கொண்டு போய்ச் சேர்த்துட்டு, அப்புறம் வீட்டுக்குள்ள காலை வைங்க!"