பூட்டிய டெலிபோன்

தேயிலைத் தோட்ட ஆபீஸ் டெலிபோனில் யாரோ திருட்டுத்தனமாகப் பேசுகிறார்கள் என்று புகார் வந்ததும் கிளார்க்கர் லோரன்ஸ் டயலுக்கு ஒரு பூட்டுப் போட்டார். அப்படியும் மனம் ஆறாமல் டெலிபோனையே மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவிகளைத் தோட்டத்துப் பெரிய துரையிடம் கொடுத்துவிட்டார்.

துரை ஹட்டனுக்குப் போயிருந்த ஒரு மழைப் பகலில் தோட்டத் தொழிலாளி சூசைரட்ணம் ஆபீசுக்கு ஓடிவந்தான்.

“ஐயா, கொழுந்து எடுக்கிற எடத்துலயே எம் பொண்டாட்டி சிசிலிக்கு வலி கண்டிருச்சுங்க. ரத்தமா போவுது. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க!”

லோரன்ஸ் கத்தியால் பெட்டியை நெம்பிப் பார்த்தார். பூட்டு அசையவில்லை.

“நானே கெடுத்துட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டபோது வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றது.

“இந்த ஆபீஸ்லேருந்து ஒரு பொம்பள பேசினாங்களே, சிசிலி எங்க?” என்றார் டிரைவர்.

தாயும் பெண் குழந்தையும் நலம் என்று அந்தியில் சேதி வந்தது. துரை திரும்பிவந்து பெட்டியைத் திறந்தார். டயலில் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. ரிசீவரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. அதில் ஒரு பச்சைக் கொழுந்து ஒட்டியிருந்தது.

“மறுபடியும் பூட்டிடவா, லோரன்ஸ்?”

“வேணாங்க தொரை. தொறந்தே கெடக்கட்டும்.”

லோரன்ஸ் ரிசீவரைக் கையில் எடுத்துத் துடைத்தார். அது இன்னும் கதகதப்பாக இருந்தது.