வெள்ளைக் கரை வெரோனிகா

மூன்று நாளாக நாற்றுத் தோட்டத்து மேஸ்திரி யாப்புக்கு அங்கே வேலை செய்யும் டீனகே மீது சந்தேகம். வேலை முடிந்து கிளம்பும்போது புது வெரோனிகா பூச்செடிப் பாத்தியில் குனிகிறாள், எதையோ கிள்ளி ரொட்டி டப்பாவுக்குள் போடுகிறாள்.

இலையோரம் வெள்ளைக் கரை கட்டி, நீலக் கதிராகப் பூக்கும் இந்த ரகத்துக்காக முதலாளி ஒன்பது வருடம் பாடுபட்டிருக்கிறார். அதை அவர் பெயரில் புது ரகமாகப் பதிவு செய்வதற்காக நாளை அரசுப் பரிசோதகர் வருகிறார். அதற்குள் ஒரு கிளை வெளியே போனாலும் பக்கத்துத் தோட்டக்காரன் அதை ஆயிரம் செடியாக்கிவிடுவான்.

வாய்க்கால் பாலத்தில் அவள் சைக்கிளை மறித்தான் யாப்.

"டப்பாவத் திற."

"காலி டப்பா, யாப். சீஸ் வாசனைதான் இருக்கும்."

"காலி டப்பாவ யாரும் இப்படி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போக மாட்டாங்க. யாருக்கு விக்கிற?"

முகம் சிவக்கத் திறந்தாள். உள்ளே நான்கு கிளைகள். ஒன்றிலும் வெள்ளைக் கரை இல்லை, வெறும் பச்சை.

"இத எவன் வாங்குவான்?" என்றாள். "நம்ம செடியிலயே பழைய பச்சைக் கிளை திரும்ப முளைக்குது. பரிசோதகர் பாத்தா, ரகம் நிலைக்கலைன்னு பதிவே பண்ண மாட்டாரு. முதலாளி தோட்டத்த இழுத்து மூடிடுவாரு. நாலுதானேன்னு சத்தமில்லாமக் கிள்ளிட்டேன்."

யாப் சுற்றுமுற்றும் பார்த்தான். தன் கோட்டுப் பையில் கைவிட்டுக் கசங்கிய கிளைகளை அள்ளி அவள் டப்பாவில் போட்டான். பதினொன்று. அத்தனையும் பச்சை.

"எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்," என்றான். "காலையில அஞ்சு மணிக்கே வந்துடு."