கரகரத்த பெட்டியும் மண்டை நசுங்கிய மைக்கும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கிடார் ஸ்பீக்கர் பெட்டி பயந்தபடி காத்திருந்தது. அதன் ஸ்பீக்கர் காகிதத்தில் ஒரு கிழிசல். இன்றைக்கும் கரகரத்தால் காயலான் கடைதான்.

பெட்டி லேசாகப் பாடிப் பார்த்ததுமே எதிரே வைத்த வெள்ளி மைக் அலறியது: "ஐயையோ! இருமல், தும்மல், கொர்ர்ர்... அத்தனையும் காதுல குத்துதே!"

ஒலிப்பதிவு செய்பவர்கள் அதை எடுத்துவிட்டு, மண்டை நசுங்கிய கறுப்பு மைக்கை வைத்தார்கள். அது பெட்டியின் முகத்தோடு முகம் ஒட்டி, கிழிசலை விட்டுச் சற்றே தள்ளி நின்றது.

"அண்ணே, எனக்கு ஒரு கிழிசல்..."

"எனக்குந்தான் மண்டை நசுங்கிக் கிடக்கு. பாடு தம்பி!"

பெட்டி பாடியது. பதிவைக் கேட்டவர்கள் "அடடா!" என்று தொடையைத் தட்டினார்கள்.

"பதிவுல கரகரப்பு விழலையா, அண்ணே?" என்று கிசுகிசுத்தது பெட்டி.

"விழாம? ஒரு சிட்டிகை மட்டும் உள்ள விட்டேன், ரசத்துல மிளகு மாதிரி. அதுக்குத்தான்டா அந்த அடடா!"