முத்தழகு வந்த வழி

"பதினேழு வருசம் பட்டாளத்துல கெடந்தது பத்தாதாக்கும்? பென்சன் வருது. ஒத்தப் பொட்டப்புள்ள, நல்லாப் படிக்குது. இந்த வயசுல மறுபடி போயித் துப்பாக்கி தூக்கணுமாலே?"

யோகேஸ்வரன் பைக்கை விட்டு இறங்காமலே கேட்டார். காளிராஜ் சிரித்து வைத்தான். பஸ் நிறுத்தத்தில் அவன் காலடியில் கறுப்புத் தகரப் பெட்டி, அதன்மேல் சுருட்டிக் கட்டிய படுக்கை.

ஓய்வு பெற்ற சிப்பாய்களை ராணுவக் கிடங்குகளின் காவலுக்கு மறுபடியும் எடுக்கிறார்கள். அதில் சேர்ந்துவிட்டான். காஷ்மீர்ப் பக்கம் போட்டாலும் சம்மதம் என்று வேறு சொல்லியிருக்கிறானாம்.

காலையில் அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி, யோகேஸ்வரன் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்று அழுதாள். "எம்பேச்சு எடுபடல அய்யா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

கேட்பான் என்றுதான் அவரும் நினைத்தார். ஊரில் பாதி மிளகாய்க் காடு அவருடையது. ஆனாலும் காலனி ஆட்களின் நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற மனுஷர் என்று பேரெடுத்தவர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போறியா?"

"இல்லங்கய்யா."

"வீட்டுல சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பின்ன என்னதான்லே? ஆத்தா போன துக்கமா?"

காளிராஜ் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான்.

அதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. கார்த்திகை அடைமழையில் கருத்தம்மாள் செத்துப்போனபோது, பாடை நனையாமலிருக்கப் புதுத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். வயல்வரப்பு ஆரம்பிக்கிற இடம்வரை குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மறுநாள் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தனுப்பினார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏலே, ரெண்டு வருசம் முன்னாடி முத்தழகு எப்பிடி வந்தான்? மறந்துட்டியா? ஒங்கூட வெளையாண்ட பய. கொடி போத்திப் பெட்டியில வந்தான். பட்டாளத்து வண்டி நடுத்தெருவுல ஊந்து வந்துச்சு. ரெண்டு பக்கமும் சனம். நாந்தேன் மொத மாலை போட்டேன். இன்னும் அந்த நெனப்பு என்னயத் தூங்கவிடல."

காளிராஜின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"நீயும் அப்பிடி வந்தா மாரிச்செல்வி கதி என்ன? அதத்தான் சொல்றேன். திரும்பி வீட்டுக்குப் போ."

தூரத்தில் இராமநாதபுரம் பஸ் வருவது தெரிந்தது. காளிராஜ் குனிந்து படுக்கையைத் தோளில் போட்டான்.

"அய்யா, அன்னைக்கு மழையில ஒங்க வாசல்ல வந்து நின்னேன். ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம. தார்ப்பாய் குடுத்தேனே."

"நான் தார்ப்பாய் கேக்கலங்கய்யா. வரப்பெல்லாம் தண்ணியில முங்கிக் கெடக்கு, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஆத்தாவ நடுத்தெரு வழியா தூக்கிட்டுப் போயிக்கிறோம்னு கேட்டேன்."

யோகேஸ்வரன் பைக்கின் கண்ணாடியைத் திருகினார். "எனக்கு என்னலே இருக்கு? ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. எழவு வீட்டுல எதுக்கு வம்புன்னுதான்..."

"அப்பயும் இதத்தான் சொன்னீங்க." காளிராஜின் குரலில் கோபமில்லை. "நடு வரப்புல வழுக்கிருச்சு. ஆத்தா சேத்துல விழுந்துச்சு. நாந்தேன் தூக்கினேன். மூஞ்சியில இருந்த சேத்த மழைத்தண்ணியிலயே கழுவிவிட்டேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் ஏறச் சொன்னார்.

"சாகணும்னு போகல அய்யா. ஆனா சாவுன்னு ஒண்ணு வந்தா, அது அங்கன வரட்டும்."

"என்னலே பேச்சு இது? முத்தழகு கதியப் பாத்த பெறகுமா?"

காளிராஜ் பெட்டியை ஏற்றிவிட்டுப் படியில் நின்று திரும்பினான்.

"பாத்ததுனாலதான் போறேன். எங்க காலனியில செத்தவுகள்ல, நடுத்தெரு வழியா போனது அவன் ஒருத்தன்தான்."