பத்தொன்பதாவது ஆள்

பதினேழாவது ஆள் தண்ணீரிலிருந்து எழுந்தபோது போதகருக்கு வயிறு எரிந்தது. ஒரு ஆத்துமா கரையேறினால் பரலோகமே சந்தோஷப்படும் என்று முப்பது வருஷமாகப் பிரசங்கம் செய்தவர்தான். ஆனால் இந்த ஆத்துமா கரையேறுவது எதிர்ச்சாரிச் சபையின் ஞானஸ்நானத் தொட்டியில் அல்லவா?

"எண்ணாதீங்க" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"யார் எண்ணினா?"

"உதடு அசையுது."

கடைசி வரிசையில் ஒரு ஓரமாக ஒண்டியும் அவளிடமிருந்து தப்ப முடியவில்லை. அவருடைய சபையில் தொட்டி காய்ந்து நாலு வருஷமாகிறது. இப்போது அதற்குள் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இருந்த குடும்பங்களும் ஒவ்வொன்றாகத் தெருவைத் தாண்டி இங்கே வந்துவிட்டன. இந்த வருஷமும் புதிதாக ஒருவரும் சேராவிட்டால் கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

எல்லாம் தொட்டிக்குள் நிற்கும் இந்தப் பிரசங்கியால் வந்த வினை. மூன்று வருஷத்துக்கு முன்புவரை ஃபேன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த பயல். வேதப் பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. வாயைத் திறந்தால் மட்டும் ஜனம் சொக்கிப் போகிறது. இதுவரை முந்நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டானாம்.

நேற்று வீடு தேடி வந்து, "ஐயா அவசியம் வரணும், நீங்க இல்லாம நடக்காது" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். வரவழைத்து வெறுப்பேற்றத்தான் என்று இவருக்குத் தெரியாதா என்ன?

"உடுப்பைப் பார்த்தியா?" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். "எப்பவும் கறுப்பு அங்கிதான் போடுவான். இன்னைக்கு முழுகுறவங்களுக்குச் சமமா வெள்ளையில நிக்கிறான். மாப்பிள்ளைன்னு நினைப்பு."

"அவர் எதைப் போட்டாலும் உங்களுக்கு ஆகாது."

பிரசங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி பதினெட்டாவதாக வந்த பெண்ணிடம் பேசினான். "பழைய ஆள் இங்கேயே செத்தாச்சும்மா. இனிமே நீ நினைச்ச வழியில முன்னால போக முடியாது. ஆண்டவருக்குப் பின்னாலதான் நடக்கணும். சம்மதமா?"

அந்தப் பெண் தேம்பிக்கொண்டே தலையாட்டினாள். இதே வார்த்தைகளைப் போதகரும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒருவரும் மூக்கைக்கூட உறிஞ்சியதில்லை. ஆண்டவரே, இவனுக்கு மட்டும் ஏன் இப்படி அள்ளிக் கொடுக்கிறீர் என்று மனசுக்குள் முறையிட்டார்.

பெண் கரையேறினாள். பிரசங்கி ஏறவில்லை.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு கடைசி வரிசைப் பக்கம் திரும்பினான். "ஐயா, தயவுபண்ணித் தண்ணிக்குள்ள இறங்கி வாங்க."

எல்லாத் தலைகளும் போதகர் பக்கம் திரும்பின. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனது போதாதென்று, இப்போது மேய்ப்பனையே முக்கி எடுத்து ஊருக்குக் காட்டப் பார்க்கிறான்.

மனைவி கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் விறுவிறுவென்று தொட்டி விளிம்புக்குப் போனார். ஆத்திரத்தில் கத்தினார்.

"என்னை என்னன்னு நினைச்சே? நான் இருபது வயசுலயே ஞானஸ்நானம் எடுத்தவன்."

பிரசங்கி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இன்னும் எடுக்கலைங்கய்யா."