பால்கனியில் ஓடிய எழுத்து

"டீச்சர், போர்டுல எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி ஓடுது. கீழ வந்து பாருங்க."

டீச்சர் வரவில்லை. பால்கனியிலேயே நின்று, "தெரியும்" என்றார்.

தெருவில் நின்ற எலக்ட்ரீசியனுக்குச் சுருக்கென்றது. சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் அந்தத் தெருவே அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடும். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

மாடியேறிப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரே மாட்டிக் கொடுத்த போர்டு; வரிசையாக நான்கு எல்.இ.டி. பேனல்கள். முதுகில் இருந்த அம்புக்குறிப்படியே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வயர் போயிருந்தது. கடைசி பேனல் மங்கிச் சிவந்துவிடக் கூடாதென்று அந்த முனைக்கும் தனியாகக் கரண்ட் கொடுத்திருந்தார். வயரிங்கில் தப்பே இல்லை.

போனில் போர்டை இயக்கும் ஆப்பைத் திறந்தார். 'மிரர்' என்ற இடத்தில் டிக் விழுந்திருந்தது.

"இதுல நீங்க ஏதும் கை வெச்சீங்களா டீச்சர்?"

"நான்தான் வெச்சேன். அப்படியே இருக்கட்டும்."

"யாருக்கும் புரியாதே?"

"புரிய வேண்டாம்."

டீச்சருக்கு மறை கழண்டுவிட்டது என்று முதலில் நினைத்தார். படி இறங்கும்போது வேறு மாதிரி தோன்றியது.

எதிர்வீடு டீச்சரின் சொந்தத் தங்கை வீடு. தங்கையின் கணவருக்கும் டீச்சருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கழுத்தில் அடிபட்டுத் தங்கை படுத்த படுக்கையான பிறகும் டீச்சர் அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது அவள் ஜன்னலுக்கு நேராகக் கண்ணைப் பறிக்கிற மாதிரி லைட்டு. ஊருக்கே பாடம் சொன்னவருக்கு இத்தனை வன்மமா என்று டெஸ்டருக்குக் கசந்தது.

ஆனால் வன்மம் டீச்சருடையது; போன மானம் டெஸ்டருடையது. தினமும் ஆறரை மணிக்கு எழுத்து திரும்பி ஓடும். "என்ன டெஸ்டரண்ணே, போர்டைத் தூக்கத்துல மாட்டினீங்களா?" என்று தெரு சிரிக்கும்.

தெருக்கோடியில் நாற்பது ஃபிளாட் கட்டுகிறார்கள். மொத்த வயரிங்கையும் டெஸ்டர் கேட்டிருந்தார். இந்தத் தெருவில் அவர் செய்த வேலைகளைப் பார்க்க சனிக்கிழமை சூப்பர்வைசர் வருகிறார். இதைப் பார்த்தால் அத்தோடு சரி.

வியாழக்கிழமை தெருவில் நின்றபடியே போனை எடுத்தார். மிரர் டிக்கை நீக்கினால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இடது மூலையில் இருக்கிற முதல் பல்பு வலது மூலையில் இருக்கிறதென்று போர்டின் கன்ட்ரோலரிடம் ஆப் வழியாக ஒரு பொய் சொன்னார். பொய்க்குப் பொய் நேராகிவிட்டது. பேனலுக்குப் பின்னால் நிற்கிற டீச்சருக்கு முன்பக்கம் தெரியப் போவதில்லை.

ஆறரைக்கு எழுத்து ஒழுங்காக ஓடியது. 'இன்னிக்கும் பாலைப் பொங்க விட்டுட்டேன். நீ பாத்திருந்தா திட்டியிருப்பே.'

இதற்குத்தானா இத்தனை ரகசியம் என்று டெஸ்டர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டனுப்பினார். லைட்டு கண்ணைக் குத்துகிறது, திரை போட வேண்டும் என்பாராக்கும்.

மாடி அறையில் தங்கை மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்தில் பட்டை. தலையைத் திருப்ப முடியாது, கையும் எழும்பாது. ஜன்னல் தலைமாட்டில் இருந்தது. கால்மாட்டுச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. அதில் டீச்சர் வீட்டு பால்கனி முழுசாகத் தெரிந்தது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

டெஸ்டர் அவசரமாகப் போனை எடுத்தார்.

எதிர்வீட்டுக்காரர் அவரைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து என்னய்யா பண்ணினே? தினமும் அதைப் படிச்சிட்டு அவ சிரிச்சுக்கிட்டிருப்பா. நேத்து படிக்க முடியல. அழுதுட்டு சாப்பிடாமயே படுத்துட்டா."

"போன்ல பேசிக்கலாமே சார்?"

"போனை நான்தான் அவ காதுல பிடிக்கணும். நான் பக்கத்துல நின்னா அக்காவும் தங்கச்சியும் என்னத்தைப் பேசுவாங்க?"

"அப்ப... உங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"அவ அக்கா முகத்தைப் பார்க்கட்டும்னு அந்தக் கண்ணாடியை மாட்டினதே நான்தான்யா. அதை டீச்சர்கிட்ட போய்ச் சொல்லி வைக்காதே. அவங்க வீம்பு அவங்களுக்கு, என் வீம்பு எனக்கு. நடுவுல இவ ஏன் கஷ்டப்படணும்? சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆக்கிடு. விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

படியிலேயே நின்று டெஸ்டர் பழையபடி ஆக்கினார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் வருவதற்குள் மணி ஆறரை ஆகிவிட்டது. மூன்று வீட்டு வேலையைப் பார்த்து, பரவாயில்லையே என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், டீச்சர் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். மேலே எழுத்து திரும்பி ஓடிக்கொண்டிருந்தது.

"எவன்யா இதை மாட்டினது? இந்த மாதிரி ஆளையெல்லாம் நம்ம சைட் பக்கமே சேர்க்கக் கூடாது."

டெஸ்டர் உடனே பதில் சொன்னார் என்று எழுதினால் அது பொய். கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்பது ஃபிளாட் ஆயிற்றே.

"நான்தான் சார் மாட்டினேன்" என்றார். "சரியாத்தான் இருக்கு."