ஃபெயில் கேட்ட அம்மா

"எம் பொண்ணை ஃபெயில் ஆக்கிடுங்க டீச்சர்."

தலைமையாசிரியைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சும் அம்மாக்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"விளையாடுறீங்களா? இருபது வருஷமா நூத்துக்கு நூறு பாஸ். அதைக் கெடுக்கணுமா?" சுவரில் இருந்த முதல் சாதனை ஆண்டின் குரூப் போட்டோவைப் பெருமையோடு காட்டினார்.

"பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாம, தம்பிக்கு மருந்தை மாத்திக் குடுத்துட்டா டீச்சர். அவன் ஆஸ்பத்திரியில கெடக்கான்."

"அடப்பாவமே! சின்னப் பொண்ணை நம்பி விடலாமா? பெத்தவ நீங்க ஒரு தடவை படிச்சுப் பாத்திருக்க வேண்டாமா?"

அம்மா எழுந்து போய், போட்டோவின் கடைசி வரிசையில் சான்றிதழோடு சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான்தான் டீச்சர். எனக்கும் படிக்க வராது."